பழைய மில்லிங் மெஷின்: பட்டறைக் குறிப்புகள்

பழைய ஹாரிசாண்டல் மில்லிங் மெஷின் விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பெயர்த்தகட்டைத் தேடுகிறார்கள். தகடு கழன்று போயிருக்கலாம், வேறொன்றிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கலாம். நான் ஸ்பிண்டில் வாயைத்தான் முதலில் பார்ப்பேன். நாளைக்குக் கட்டரை மாட்ட எந்த ஆர்பர் வாங்க வேண்டும், அது கிடைக்குமா என்பதை அந்த வாய்தான் சொல்லும்.

*

வாயைத் துணியால் துடைத்துவிட்டு வெர்னியரை வையுங்கள். டேப்பரின் பெரிய முனை 44.45 மி.மீ. என்றால் ஐ.எஸ்.ஓ. 40. 69.85 என்றால் 50. முகப்பில் எதிரெதிராக இரண்டு சாவிக்கட்டைகள் நிற்கும். 24-க்கு 7 என்ற இந்தச் சரிவு 1927-இல் அமெரிக்காவில் தரமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலும் பிரௌன் அண்ட் ஷார்ப் டேப்பர் இருக்கும். அடிக்கு ஏறக்குறைய அரை அங்குலம்தான் சரிவு. 40-ம் 50-ம் டிராபாரைத் தளர்த்தி ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும். பிரௌன் அண்ட் ஷார்ப் கவ்விக்கொள்ளும். அதற்கு ஆர்பர் கடையில் கிடைப்பது அரிது; கோவையில் நல்ல கிரைண்டிங் பட்டறையில் சொல்லித்தான் செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

*

வயது சொல்லும் அடையாளங்கள் சில.

தட்டைப் பெல்ட் ஓடும் படிப்படியான புல்லி இருந்தால் அது லைன்ஷாஃப்ட் காலத்து வடிவம். ஓவர் ஆர்ம் உருண்டைக் கம்பியாக இருந்தால் பழைய அமைப்பு. டவ்டெயில் போட்ட பட்டை ஓவர் ஆர்ம் பிந்தியது.

மோட்டார் தகட்டில் 60 சைக்கிள் என்றிருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்காவுக்கான மோட்டார். நம் 50 சைக்கிளில் அது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். மெஷின்மேல் ஒட்டியிருக்கும் வேக அட்டவணையை அப்படியே நம்பக் கூடாது.

கைப்பிடி டயலில் 250 கோடுகள், கோட்டுக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் என்றால் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நாலு மரை. 200 கோடு என்றால் ஐந்து மரை.

*

பெயர்கள்: அமெரிக்காவின் சின்சினாட்டி, மில்வாக்கி, இங்கிலாந்தின் பார்க்சன், ஆர்ச்டேல். நம் நாட்டில் 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி., 1961-இல் அதே ஊரில் வந்த பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர். பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்தவையும் நம் பக்கம் நிறைய உண்டு. மெஷின் எண் பலவற்றில் தூணின் முகப்பிலோ டேபிள் ஓரத்திலோ குத்தியிருக்கும். மேல் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள்.

*

தேய்மானம் பார்க்க ஒரு வழி. டேபிளை நடுவில் நிறுத்தி கிப்பை இறுக்குங்கள். பிறகு கையால் ஒரு முனைவரை ஓட்டுங்கள். முனையில் இறுகி நின்றால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் இறுகினால் ஓட்டிக்கொள்ளலாம். நகரவே மறுத்தால் ஸ்கிரேப்பிங் செலவு காத்திருக்கிறது.

ஸ்க்ரூவில் பேக்லாஷ் இருந்தால் அதற்காக மெஷினை ஒதுக்க வேண்டாம். கட்டர் சுற்றுக்கு எதிராக டேபிள் வரும்படி வெட்டுங்கள். கட்டர் போகும் திசையிலேயே டேபிளை ஓட்டினால், அந்த இடைவெளி அளவுக்கு வேலையைப் பிடித்து இழுத்துவிடும். ஆர்பரும் வளையும், கட்டரும் உடையும்.

*

ஆர்பர் விஷயத்தில் கையிலேயே பழக வேண்டியது இரண்டு.

காலர்களை மாட்டுமுன் ஒவ்வொன்றின் முகத்தையும் விரலால் தடவுங்கள். நடுவில் ஒரு துணுக்கு சிக்கினாலும் நட்டை இறுக்கும்போது ஆர்பர் வில்லாகும்.

தாங்கியை ஓவர் ஆர்மில் பூட்டிய பிறகே நட்டை இறுக்க வேண்டும், தளர்த்த வேண்டும். நல்ல ஆர்பர்கள் வளைவது பெரும்பாலும் வெட்டும்போது அல்ல, இந்த ஸ்பானர் இழுப்பில்தான்.

*

"அண்ணா, பீம் வீல்ல நாலு பல்லு போயிருச்சுங்க. நாளைக்குத் தறி ஓடோணும்."

பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் காடா ஓட்டும் தறிக்காரர்களிடமிருந்து வரும் வேலை இது. துணி சுருட்டும் பழைய ஐந்து சக்கர டேக்கப்பில் பீம் வீலுக்கு 75 பல். டிவைடிங் ஹெட்டில் கைப்பிடி 40 சுற்று சுற்றினால் வேலை ஒரு சுற்று. 40-ஐ 75-ஆல் வகுத்தால் 15-இல் 8. ஆகவே 15 துளை வட்டத்தில் 8 இடைவெளி. பின் நிற்கும் துளையைச் சேர்த்து எண்ணினால் ஒன்பது துளை வரும். செக்டார் கைகளை அப்படி வைக்க வேண்டும். துளையைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வந்து பின்னை விடுங்கள். இல்லையென்றால் அந்தப் பல் மட்டும் தடிக்கும்.

*

உடைந்த சக்கரம் டி.பி.யா (டயமெட்ரல் பிட்ச்) மாட்யூலா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். 10 டி.பி. என்றால் 2.54 மாட்யூல், கண்ணுக்கு 2.5 போலவே தெரியும். வெளிவிட்டம் காட்டிக்கொடுக்கும். 75 பல்லுக்கு 10 டி.பி.யில் 195.6 மி.மீ., 2.5 மாட்யூலில் 192.5 மி.மீ. பழைய இங்கிலீஷ் சக்கரங்களில் பல்லின் கோணமும் பதினாலரை டிகிரியாக இருக்கலாம். இப்போது கடையில் வாங்கும் கட்டர் பெரும்பாலும் இருபது.

கட்டர் செட் எட்டு. ஒரு முறையில் 1-ஆம் எண் 135 பல்லுக்கும் அதற்கு மேலும். இன்னொரு முறையில் அதே 1-ஆம் எண் 12, 13 பல்லுக்கு. எண்ணைப் பார்த்து எடுக்காமல், கட்டரிலேயே பொறித்திருக்கும் பல் வரம்பைப் படியுங்கள். 75-க்கு 55–134.

*

வேகம்: வார்ப்பிரும்பில் எச்.எஸ்.எஸ். கட்டருக்கு நிமிடத்துக்கு 20 மீட்டர் போதும். 75 மி.மீ. கட்டர் என்றால் 85 சுற்று. பழைய மெஷின் இந்த மெதுவான, கனமான வெட்டுக்கென்றே வார்க்கப்பட்டது. அதனால்தான் நம் தறி வேலைக்கு அது இன்னும் பொருந்துகிறது.

*

மூடிய நூற்பாலைகளின் பட்டறைச் சாமான்கள் ஏலத்துக்கு வரும்போது எனக்கு ஒரே கவலைதான். மெஷின் ஒருவர் கைக்குப் போகும். ஆர்பர், காலர், டிவைடிங் ஹெட், துளைத்தட்டு, கட்டர் கிடக்கும் மரப்பெட்டி பழைய இரும்போடு எடைக்குப் போகும். பிறகு மெஷின் வாங்கியவர் அவற்றைத் தேடி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைவார். சில சாமான்கள் மெஷின் விலையில் பாதியைக் கேட்கும்; சில கிடைக்கவே கிடைக்காது. அந்த மெஷினும் கடைசியில் உலைக்குத்தான் போகும். விற்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பெட்டியையும் மெஷினையும் ஒரே லாட்டாகப் போடுங்கள். வாங்குபவர்களே, விலை பேசுமுன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பெட்டி முழுதாக இருந்தால் கூடக் கொடுத்தாவது எடுங்கள்.