அடுத்த வீட்டுத் தறி

விஞ்ஞானக் கதை எழுதுகிறவன் கண்ணாடி மாளிகையில் வசிப்பான் என்று வாசகர்கள் நினைக்கலாம். நான் வசிப்பது ஆரணிக்குப் பக்கத்தில், திருமலையில், ஓர் ஓட்டு வீட்டில். விடியற்காலையில் பேனாவை எடுத்தால், அடுத்த வீட்டுப் பட்டுத்தறியும் 'சடக், சடக்' என்று ஆரம்பித்துவிடும். சந்திரனில் காற்றில்லை, ஓசையும் கிடையாது. ஆனால் என் கதையின் சந்திர மண்டலத்தில் தறிச் சத்தம் காதைத் துளைக்கும்!

ஒரு நாள் முறையிடப் போனேன். பெரியவர் கோபிக்கவில்லை. தறியின் தலைமேல் தொங்கிய ஜக்கார்டு அட்டைகளைக் காட்டினார். துளையிருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். அவ்வளவுதான், சேலைக் கரையில் மயில் வந்துவிடுகிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1804-ல் பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு அமைத்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தானே, 1830-களில் இங்கிலாந்தின் பாபேஜ் தமது கணித யந்திரத்துக்குத் துளை அட்டைகளைத் திட்டமிட்டார்! கம்ப்யூட்டரின் பாட்டனார் சுவருக்கு அப்பால் இருக்க, நான் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தம்பி, உங்க கதையிலே தறி நெய்யறவன் வர்றானா?" என்று கேட்டார் பெரியவர்.

வரவில்லை. என் கதைகளில் உடுப்பை யந்திரமே நெய்துவிடும்.

"எம் பிள்ளையும் அப்படித்தான் சொல்றான். பட்டணத்திலே வேலை தேடறான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவே சந்திரனில் ஒரு நெசவாளியைக் குடியேற்றினேன். 'நம்பும்படியாக இல்லை' என்று கதை திரும்பி வந்துவிட்டது. மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் காலையில் தறிச் சத்தம் சற்றுத் தாமதித்தாலே பேனா ஓடுவதில்லை.