சானமாவில் வண்டியை நிறுத்துங்கள்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சானமாவு காடு. ராகி முற்றுகிற பருவத்தில், ஐப்பசி கார்த்திகை வாக்கில், பன்னேருகட்டா காட்டிலிருந்து கிளம்பும் யானைகள் ஜவளகிரி வழியாக நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வரும். தளி, தேன்கனிக்கோட்டை, உத்தனப்பள்ளி என்று பிரிந்து மேயும். சில கூட்டங்கள் சானமாவில் வந்து தங்கும். இன்னும் சில சாலையைக் கடந்து சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கம் போகும். 1980-களில் இப்படிக் கிழக்கே போனவைதான், நெடுங்காலமாக யானையே இல்லாதிருந்த சித்தூர்ப் பகுதியில் தங்கிவிட்டன. அவற்றுக்காக அங்கே கௌண்டின்யா சரணாலயமும் வந்தது. அதே காலத்தில்தான் ஓசூர் சிப்காட்டில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. நான் அந்தத் தலைமுறைக்காரன். பாதி ஆயுசு ராகிக் கொல்லையில் போனது, பாதி ஆலையில்.

இளவட்டங்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்ட ஊர். இங்கே இன்னும் எதற்குத் தாத்தா காடும் யானையும்? பிடித்துக்கொண்டுபோய் எங்காவது பெரிய காட்டில் விட்டால் அதற்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி." கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரவு ஷிப்டு முடிந்து பயந்து பயந்து வீடு திரும்புகிற பிள்ளைகள் அவர்கள்.

2023 பிப்ரவரியில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பகுதியில் சுற்றிய மக்னா யானை, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, ஒன்றைப் பிடித்து ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தழைக்கும் தண்ணீருக்கும் என்ன பஞ்சம்? ஆனாலும் கொஞ்ச நாளிலேயே அது காட்டைவிட்டு இறங்கி, பொள்ளாச்சிப் பக்கமாக நடந்து, கோவை நகரத்தின் ஓரத்தில் வந்து நின்றது. மறுபடி பிடித்தார்கள், மறுபடி விட்டார்கள். மரம் நிறைந்த இடமெல்லாம் யானைக்குக் காடு ஆகிவிடாது. எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்த மேட்டில் எப்போது பயிர் முற்றும் என்று தாயோடு நடந்து நடந்து பழகிய தடம்தான் அதற்குக் காடு.

ராகிக்கு அது வருவதும் வழி தப்பி வருவது இல்லை. ராமன் சுகுமார் 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் யானைகளை ஆராய்ந்தார். காட்டுப் புல்லைவிட ராகி போன்ற பயிரில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் கூடுதல் என்றும், பெண் யானைகளைவிட ஆண் யானைகளே அதிகம் கொல்லைக்கு இறங்குகின்றன என்றும் கண்டார். நிஷாந்த் சீனிவாசையாவும் உடன் பணியாற்றியவர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. வளர்ந்த பிறகு பெரும்பாலும் தனித்துத் திரிகிற ஆண் யானைகள், மனிதர் பெருகிய விவசாய நிலங்களில் சேர்ந்து கூட்டமாக வாழப் பழகிவிட்டன. நாம் மாறியதைப் பார்த்து அவையும் மாறியிருக்கின்றன.

அப்பாவோடு பரணில் படுத்துக் காவல் காத்தவன் நான். யானை வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும். தூரை மொத்தமாகச் சுருட்டிப் பிடுங்கும். பிறகு முன்னங்காலில் ரெண்டு தட்டுத் தட்டி வேர்மண்ணை உதிர்த்துவிட்டு வாயில் போடும். பிடுங்குகிற சத்தம், தட்டுகிற சத்தம், பிறகு மெல்லுகிற சத்தம். அப்பா தகரத்தைத் தட்டுவார், தீப்பந்தத்தை ஆட்டுவார், "போ சாமி, போ" என்று கத்துவார். திட்டியது கிடையாது. விடிந்து பார்த்தால் அரை ஏக்கர் மிதிபட்டுக் கிடக்கும். அம்மா வரப்பில் உட்கார்ந்து அழுவாள். அந்த வருஷம் களிக்கு ராகி கடன் வாங்கித்தான் தின்றோம். இதைச் சொல்லாமல் காட்டின் பெருமையை மட்டும் பேசுவது யோக்கியம் ஆகாது.

காட்டு விலங்கோடு மோதுவது இங்கே புதிது இல்லை. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. இந்த மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் கொல்லை ஓரத்திலும்கூட நிற்கின்றன. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு எடுத்த கல் உண்டு, புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு எடுத்த புலிகுத்திப்பட்டான் கல்லும் உண்டு. புலிக்கல்லை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பாருங்கள். புலி பின்னங்கால்களில் நிமிர்ந்து வீரனுக்கு நேர் எதிரே நிற்கும், அவன் கத்தி அதன் உடம்பில் இறங்கியிருக்கும். செதுக்கியவன் புலியைச் சிறுமைப்படுத்தவில்லை. செத்தவனைச் சாமியாகக் கும்பிட்ட ஊர், கொன்றதையும் அவன் எதிரே சரிசமமாக நிறுத்தி வைத்திருக்கிறது.

பிறகு துப்பாக்கி வந்தது. பெங்களூருவில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வெளியிட்ட புத்தகத்தில் நம் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண் புலியைப் பற்றி எழுதியிருக்கிறார். இணை தேடி அலைந்த அதை, ஆண் புலி போலக் குரல் கொடுத்து வரவழைத்துச் சுட்டார். ஊர் மக்களின் உயிர் காக்கச் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அவர் காட்டில் போய் உட்கார்ந்தார், இருட்டில் காத்திருந்தார், அதன் குரலைப் படித்திருந்தார்.

இப்போது வேலியில் திருட்டு மின்சாரம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே கொல்லைக்குப் போட்ட மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்து, செத்த உடல்களைச் சுற்றி நின்றன. கத்திக்காரன் எதிரே நின்றான், துப்பாக்கிக்காரன் விழித்திருந்தான். கம்பி போட்டவன் வீட்டில் தூங்கலாம். எதைக் கொல்கிறோம் என்று பார்க்கவே தேவையில்லாமல் போனதுதான் என் ஆயுசில் நான் கண்ட பெரிய மாற்றம். அதுதான் எனக்குப் பயம் தருகிறது.

காடு எதற்கு என்று இளவட்டங்கள் கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 1964-ல் காட்டுநிலங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். மனிதன் வந்து போகிற விருந்தாளி, தங்குகிறவன் அல்ல என்பது அதன் கருத்து. மனிதனை அகற்றிக் காட்டைக் காக்கும் இந்த எண்ணம் இந்தியா போன்ற நாடுகளில் ஏழைகளையே வெளியேற்றும் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989-ல் கட்டுரை எழுதினார். அவர் சொன்னது சரி. அஞ்செட்டிப் பக்கத்து இருளர்கள் இல்லாத காட்டை நான் அறிந்ததில்லை. ஆனால் அமெரிக்கர்கள் சொன்னதிலும் ஒரு பாதி எனக்கு வேண்டும்: நாம் எசமானர் இல்லாத ஓர் இடம். ஆலையில் எல்லாம் பொத்தானை அழுத்தினால் ஓடும், அழுத்தினால் நிற்கும். அப்படி நிற்காத ஒன்று பத்து மைலுக்குள் இருப்பதை நம் பிள்ளைகள் அறிந்து வளர வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே தன் சொல் கேட்கும் என்று நினைக்கிற மனிதர்களாக ஆகிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

சானமாவில் யானைகள் சாலையைக் கடக்கும்போது வனத்துறையினர் வண்டிகளை நிறுத்துவார்கள். அப்படி ஒருமுறை பேருந்தில் இருந்தேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன, பையன்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தார்கள். நடத்துநர் கதவை மறித்து நின்று, "உக்காருப்பா, அதுங்க முதல்ல போகட்டும்" என்றார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அரசு தன் பங்குக்கு 2014-ல் காவிரி வடக்குச் சரணாலயத்தை 504 சதுர கிலோமீட்டரிலும், 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயத்தை 686 சதுர கிலோமீட்டரிலும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் காட்டுக்கான விலையை இன்னும் ராகிக்காரன்தான் தனியாகக் கொடுக்கிறான். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஓசூர் ஆலைகளின் அந்தப் பணத்தில் ஒரு பங்கு தளி, அஞ்செட்டி, உத்தனப்பள்ளிக் கொல்லைகளுக்குப் போகட்டும். பயிர் மிதிபட்ட அதே வாரத்தில் நஷ்டம் கைக்கு வரவேண்டும், பரண் காவலுக்கு ஆள்கூலி வேண்டும். ஆலைகளில் இன்று நல்ல பதவியில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடுத்த ராகி விதைப்புக்கு முன்னால் இந்தப் பேச்சை அங்கே எடுக்க வேண்டும்.