அப்பா கிளாஸும் பிள்ளை கிளாஸும்

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக பி.எச்.பி.யில் ஒரு சின்ன நூலகத் தளம் எழுதிக் கொண்டிருந்தேன். டேட்டாபேஸ் இணைப்பை ஒரு கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் வைத்து, 'புத்தகம்', 'உறுப்பினர்' இரண்டையும் அதிலிருந்து எக்ஸ்டெண்ட்ஸ் போட்டு உருவாக்கினேன். இணைப்பை ஒரே இடத்தில் எழுதினால் போதும். இன்ஹெரிட்டன்ஸ் என்றால் சும்மாவா என்று ஒரே பெருமை!

உறுப்பினர் எண்ணை வாங்கிக் கொள்ள அந்த கிளாஸுக்கு மட்டும் தனியாக ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதினேன். அவ்வளவுதான். புத்தகப் பக்கம் ஓடியது, உறுப்பினர் பக்கம் படுத்துவிட்டது. இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' இருக்கிறதாம். மறுநாள் காலை டெமோ. இரவு இரண்டு மணி வரை மண்டை காய்ந்தது.

விஷயம் இதுதான். ஜாவாவில் நாம் எதுவும் சொல்லாவிட்டாலும், அப்பா கிளாஸின் ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டரை கம்பைலரே கூப்பிட ஏற்பாடு செய்துவிடும். பி.எச்.பி. அப்படியில்லை. பிள்ளை சொந்தமாக எழுதாதவரை அப்பாவுடையது ஓடும். எழுதிவிட்டால் அதை நாமேதான் கூப்பிட வேண்டும். ஒரு வரி சேர்த்தேன், ஓடியது.

ஆனால் படுத்த பிறகு வேறொரு கேள்வி. பூனை ஒரு விலங்கு, சரி. உறுப்பினர் ஒரு டேட்டாபேஸா? இணைப்பு தேவைப்பட்டதால் இல்லாத உறவைக் கொண்டாடியிருக்கிறேன்! பி.எச்.பி.யில் ஒரு கிளாஸுக்கு ஒரே அப்பாதான். அந்த இடத்தை இப்படி வீணாக்கலாமா?

டெமோ முடிந்ததும் எக்ஸ்டெண்ட்ஸை எடுத்துவிட்டு, இணைப்பை கன்ஸ்ட்ரக்டர் வழியாக உள்ளே கொடுத்தேன். இப்போதெல்லாம் எக்ஸ்டெண்ட்ஸ் என்று அடிக்கும் முன் 'இது அதுவா?' என்று ஒருமுறை கேட்டுக் கொள்கிறேன்.