பங்குக் கிணறும் பறவை வில்லையும்

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் ஐயருக்கு அடுத்தபடியாக அதிகாரம் செலுத்துபவர் படப்பிடிப்பாளரே எனின் மிகையாகாது. தாலி கட்டும் வேளையில் மணமகனின் கையை ஒரு கணம் நிறுத்திவைக்கும் உரிமை அவருக்குண்டு. மணவறையின் முன்னே நின்று சபையோரின் பார்வையை மறைக்கும் உரிமையும் உண்டு. இவ்வதிகாரத்தின் சின்னங்களாக அவருடைய தோளிலும் கழுத்திலும் தொங்குபவை கருவிகள். அவற்றின் தொகையையும் நீளத்தையும் கொண்டே ஊரார் தொழிலின் தரத்தை அளக்கின்றனர். முற்பணம் கொடுக்க வருபவர், முன்னர் எடுத்த படங்களைப் பார்ப்பதற்கு முன்பே, "எத்தினை கமரா வரும்?" என்று கேட்பது வழக்கம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து ஊரில் மணவிழா நடத்துவோர் பெருகிய பின்னர் அக்கேள்வி மேலும் கூர்மை பெற்றது.

உரும்பிராயில், பலாலி வீதியிலிருந்து சற்று உள்ளே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே வாழ்பவர் முப்பது வயதைச் சிறிது தாண்டிய ஒரு படப்பிடிப்பாளர். இக்கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லியே அவருடைய அலுமாரியும் நிறைந்தது. 2014 இல் வெளிவந்த நிக்கொன் டீ 750 ஒன்று, அதற்குத் துணையாக 2010 ஆம் ஆண்டு வகையான டீ 7000 ஒன்று, ஊர் வழக்கில் லென்ஸ் எனப்படும் வில்லைகள் ஐந்து, பிளாஷ் மூன்று, முக்காலிகள், விளக்குத் தண்டுகள், பைகள். வில்லைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று 70 முதல் 200 மில்லிமீற்றர் வரை நீளும் வில்லை. ஒன்றரைக் கிலோ நிறையுடையது. கலியாண வீட்டுக்கு உரியது. மற்றையது 150 முதல் 600 மில்லிமீற்றர் வரை நீள்வது. ஏறத்தாழ இரண்டு கிலோ. கலியாண வீட்டில் அதற்கு வேலையில்லை. அது பறவைகளுக்காக வாங்கப்பட்டது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வடபுலத்து நீரேரிகளுக்கு வந்து தங்கும் ஊசிவால் வாத்துகளையும் பூநாரைகளையும் தொண்டைமானாற்றுக் கரையில் காத்திருந்து படமெடுப்பதே அவருக்குத் தொழிலுக்கு அப்பாற்பட்ட ஒரே இன்பம். 2018 இல் அவ்வில்லையை வாங்குவதற்காக மனைவியின் மூன்று பவுண் சங்கிலி அடகுக்குப் போயிற்று. ஆண்டுதோறும் வட்டியைக் கட்டி மீண்டும் மீண்டும் அடகைப் புதுப்பித்தார்களேயன்றிச் சங்கிலி வீட்டுக்கு வரவில்லை.

கலைக்காக நகையை ஈடுவைத்த கதைகள் உலகில் பல உண்டு. 1955 இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' திரைப்படத்தை எடுப்பதற்காகச் சத்யஜித் ராய் தமது ஆயுட்காப்புறுதிப் பத்திரத்தையும் ஈடுவைத்தார். மனைவியின் நகைகளும் அவ்வாறே போயின. அக்கதையைச் சொல்லும்போது அனைவரும் நெகிழ்கின்றனர். ஆயின் அப்படம் வெளிவந்து புகழ் பெற்றதனாலேயே அந்நகைகள் வரலாற்றில் இடம் பெற்றன என்பதை ஒருவரும் நினைப்பதில்லை. படம் வெளிவராமல், ஏலத்தில் மறைந்துபோன சங்கிலிகளின் கதையை எழுதுவார் யார்?

உரும்பிராய்க் குடும்பத்தின் நெருக்கடி ஒரே நாளில் வந்ததன்று. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது கலியாணங்கள் நின்றன. பின்னர் நடந்தவையும் விரல்விட்டு எண்ணத்தக்க உறவினரோடு முடிந்தன. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிய போதிலும், வெங்காயத்தையும் புகையிலையையும் நம்பியிருந்த தோட்டக்காரர் வீடுகளில் சாமத்தியச் சடங்குகள் சுருங்கிவிட்டன. அடுத்த ஆண்டு யாவரும் அறிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரிலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். இவ்வெண்களெல்லாம் பொருளியல் மாணவருக்கு உரியன. அவ்வீட்டுக்கு உரிய எண் வேறு. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. 400 கிராம் பால்மாப் பொதி மார்ச் மாதத்தில் ஒரே இரவில் 540 ரூபாவிலிருந்து 790 ரூபாவாகியது.

மனைவி முன்பள்ளி ஆசிரியை; கணக்கில் கெட்டிக்காரி. ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடிழுத்து, ஒவ்வொரு கருவியின் பெயரையும் எழுதி, வாங்கிய ஆண்டு, விலை, கடந்த பன்னிரண்டு மாதங்களில் வெளியே கொண்டுபோன தடவைகள், உழைத்துத் தந்த பணம் என நான்கு நிரல்கள் வகுத்தார். கணவர் இதனை ஒரு குற்றப்பத்திரமாகவே முதலில் கருதினார். ஆனால் அக்கொப்பியில் குற்றச்சாட்டு எதுவுமிருக்கவில்லை. கடைசி நிரலில் பறவை வில்லைக்கு நேரே ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. பூச்சியம் என்று எழுத மனைவிக்கும் மனம் வரவில்லைப் போலும்.

"இஞ்சருங்கோ, இதெல்லாத்தையும் விக்கச் சொல்லேல்லை. எது உழைக்குது, எது சும்மா கிடக்குது எண்டு பாப்பம்," என்றார் மனைவி.

"சும்மா கிடந்தாலும் விலை ஏறியெல்லோ கிடக்குது. இப்ப வித்தா லாபம்," என்றார் கணவர்.

அவர் கூற்றில் ஓரளவு உண்மை இருந்தது. 2017 இல் 180,000 ரூபாவுக்கு வாங்கிய 70–200 வில்லைக்கு 2022 இல் 230,000 ரூபா தருவதற்கு ஆளிருந்தது. ஐந்தாண்டு பாவித்த பழம்பொருளுக்கு ஐம்பதினாயிரம் மேலதிகம்! ஆனால் வாங்கிய நாளில் டொலர் 153 ரூபா. அன்றைய விலை ஏறத்தாழ 1,180 டொலர். விற்கும் விலையோ 640 டொலரளவு. வில்லையின் விலை ஏறவில்லை, ரூபா இறங்கியது. மேலும், கமரா உலகம் அப்போது கண்ணாடி இல்லாத புதிய வகைக் கருவிகளின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தமையால் பழைய வகையின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்தது. அடகிலிருந்த சங்கிலியும் டொலரோடு சேர்ந்து ஏறும் பொருள்தான். ஆயினும் அதற்கு அடுத்த மாதிரி வெளிவருவதில்லை. இவ்வளவு விளக்கத்தையும் மனைவி ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "சங்கிலிக்கு வயசு போறேல்லை."

இவ்வாறு 70–200 வில்லை போயிற்று. அதனோடு ஒரு பிளாஷும் ஒரு முக்காலியும் விளக்குத் தண்டுகளும் போயின.

கருவி குறைந்தால் கலை கூடும் என்று சொல்வதற்கு ஒரு மரபுண்டு. ஜேர்மனியரான ஒஸ்கார் பர்னாக் ஆஸ்துமா நோயினால் பாரமான தட்டுக் கமராவைச் சுமக்க இயலாது தவித்தமையும், அத்தவிப்பே 1925 இல் சந்தைக்கு வந்த லைக்கா என்னும் சிறு கமராவுக்கு வித்திட்டமையும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். பர்னாக்கின் கதை உண்மையே. ஆனால் அவர் தமக்கு வேண்டிய சிறு கருவியைத் தாமே புதிதாகச் செய்துகொண்டவர், இருந்ததை விற்றவரல்லர். வறுமையை எளிமை என்று பெயர் மாற்றி அழைப்பது, வேண்டும்போது மீண்டும் வாங்கக்கூடியவர்களுக்கே இயலும்.

உரும்பிராய்ப் படப்பிடிப்பாளர் இழந்தது மெய்யான இழப்பு. மண்டபத்தின் ஓரத்தில், தூணோடு தூணாக நின்று, மணவறைக்குப் பின்னால் பெண்ணின் தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பதை நீள வில்லையினால் எடுக்க முடிந்தது. தாய்க்கு அது தெரியாது. அதனாலேயே அப்படம் உயிருள்ளதாக அமைந்தது. இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது 85 மில்லிமீற்றர் வில்லை. அதே படத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் நெருங்கிச் செல்ல வேண்டும். நெருங்கிச் சென்றால் தாய் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சேலையைச் சரிசெய்து சிரிக்கிறார். அழகான படம்தான், அலுமாரியில் வைக்கத் தக்கது. முன்னையது போன்றதன்று. எத்தனை பால்மாப் பொதி வந்தாலும் இந்த வேறுபாடு வேறுபாடே.

அடுத்த கேள்வி இரண்டாவது கமராவைப் பற்றியது. டீ 750 இல் நினைவட்டை இடும் துளைகள் இரண்டு உண்டு. ஒரே படத்தை இரண்டிலும் பதியலாம். ஓர் அட்டை பழுதானாலும் படம் பிழைக்கும். ஆனால் கமராவே இயங்க மறுத்தால் அட்டை இரண்டிருந்தும் பயனில்லை. தாலி ஒருமுறைதான் கட்டப்படும். இதற்கு ஒரு வழி தோன்றியது. நீர்வேலியிலுள்ள தொழில் நண்பர் ஒருவரும் அதே நெருக்கடியில் இருந்தார். இருவரும் தத்தம் இரண்டாவது கமராவில் ஒன்றை விற்றுவிட்டு, எஞ்சிய ஒன்றைப் பொதுவில் வைத்து, தேவையானபோது தேவையானவர் எடுத்தால் என்ன?

இந்த எண்ணம் அவர்களுக்கு இயல்பாக வந்தமைக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தேங்கும் மழைநீரே ஆதாரம். அதனைத் தருவது கிணறு. பாறையை உடைத்துக் கிணறு வெட்டுவது ஒருவரால் இயலாத செலவு. ஆகவே துலா மிதித்த காலத்திலிருந்தே ஒரு கிணறு பல தோட்டங்களுக்குப் பொதுவாயிற்று. காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றில் உள்ள பங்கும், வழி வாய்க்கால் உரித்தும் சேர்த்தே எழுதப்படுகின்றன. இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு முறை என்பது தகப்பன் காலத்தில் வகுக்கப்பட்டு மகன் காலத்திலும் தொடரும். எந்திரம் வந்த பின்னரும் முறை மாறவில்லை. கமரா ஏன் கிணறாகக் கூடாது?

பஞ்சாங்கத்தைத் திறந்தபோது விடை கிடைத்தது. கிணற்று நீரை இன்று இறைத்தாலும் நாளை இறைத்தாலும் பயிர் பொறுத்துக்கொள்ளும். முகூர்த்தம் அப்படியன்று. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணமில்லை. தையிலும் ஆவணியிலும் நல்ல நாள்கள் சிலவே. அந்நாள்களில் உரும்பிராயிலும் நீர்வேலியிலும் ஒரே வேளையில் மேளம் கேட்கும். அதாவது, பொதுக் கமரா இருவருக்கும் தேவைப்படும் நாள் ஒரே நாளாக இருக்கும். எவருக்கும் தேவைப்படாத நாளும் ஒரே நாளாகவே இருக்கும். முறை வைத்து இறைக்க முடியாத கிணறு அது. நண்பர்கள் இருவரும் தேநீரைக் குடித்துவிட்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர். பழைய டீ 7000 அலுமாரியிலேயே இருந்தது.

எனினும் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு வேறொன்று புலப்பட்டது. முகூர்த்தத்தைப் பாராத பொருள் ஒன்று அந்த அலுமாரியில் உண்டு. பூநாரைக்கு எல்லா நாளும் நல்ல நாளே. பறவைகள் மிகுந்து வரும் மார்கழியில் கலியாணமும் இல்லை. கடைசி நிரலில் சிறு கோடு பெற்று நின்ற அந்தப் பெரிய வில்லைதான், உண்மையில், பங்கிடுவதற்கு ஏற்றது.

அச்சுவேலியில் ஒரு கணித ஆசிரியர், தொண்டைமானாற்றுக் கரையில் பழகியவர், அவ்வில்லையை விலைக்குக் கேட்டு இருமுறை வந்து போனவர். முழுப் பணம் கொடுக்க அவருக்கும் அந்த ஆண்டில் வசதியில்லை. பாதியைத் தருவதாகச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பின்னர் 75,000 ரூபாவோடு வந்தார். ஒற்றை வரிக் கொப்பித் தாளில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதில் ஒரு நிபந்தனை கவனிக்கத்தக்கது: ஒருவர் தமது பங்கை விற்க விரும்பின் மற்றவரிடமே முதலிற் கேட்க வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 அளவில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் கூட்டுப் பங்காளருக்கு இந்த உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. அச்சட்டம் அசையாச் சொத்துக்கே உரியது. இரண்டு கிலோ வில்லைக்குப் பொருந்தாது என்று சட்டம் பயில்வோர் கூறலாம். கையெழுத்திட்ட இருவரும் சட்டம் பயின்றவரல்லர்.

மூன்றாம் நாள் சங்கிலி மீட்கப்பட்டது. முதலும் வட்டியும் போக எஞ்சியதில் ஒரு பகுதி மகளின் பெயரில் வங்கியில் இடப்பட்டது; மறுபகுதி பால்மாவாகவும் மண்ணெண்ணெயாகவும் கரைந்தது. ஆவணியில் வந்த ஒரு வெளிநாட்டுக் கலியாணம், எத்தனை கமரா, எவ்வளவு நீள லென்ஸ் என்று விசாரித்துவிட்டு வேறொருவரிடம் போயிற்று. அந்த இழப்பையும் மனைவி கொப்பியில் எழுதிவைத்தார். அது நேர்மையான கணக்கு.

பறவை வில்லை இப்போது மார்கழியின் முதல் வாரமும் மூன்றாம் வாரமும் உரும்பிராயிலும், இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் அச்சுவேலியிலும் இருக்கிறது. மழைக்காலமாதலால் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும் அபாயம் உண்டு. எனவே கைமாறும்போது முன்கண்ணாடியைத் துடைத்து, பையினுள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காப் பொதியைப் புதிதாக வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது பின்னர் சேர்க்கப்பட்ட விதி. பொதியின் விலையிலும் பாதிப் பாதி.