வெள்ளம் நிற்கும் காணி

காணி வாங்கச் செல்பவர் எங்கள் ஊரில் முதலில் விசாரிப்பது, மாரியில் வெள்ளம் நிற்குமா என்பதைத்தான். நிற்கும் என்று அயலவர் ஒருவர் சொல்லிவிட்டால் பேரம் அவ்விடத்திலேயே முறிந்துவிடும். தரகரும் முகம் வாடி அடுத்த காணிக்கு அழைத்துச் செல்வார். அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் இதே கேள்வியைக் கேட்டு, நிற்கும் என்ற பதில் கிடைத்ததும் முகம் மலர்ந்து, அதற்கென்றே கூடுதல் விலை கொடுக்க முன்வரும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாத்து வேட்டைக்காரர்கள்.

2019 ஜனவரியில் மெம்பிஸ் நகரில் என் தமக்கையாரின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். மருமகனுடன் பணிபுரியும் ஒருவரின் தந்தையார், மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் ஸ்ருட்கார்ட் என்னும் சிற்றூருக்கு அருகே நெல் விளைவிப்பவர். வயது எழுபதைத் தாண்டியவர். வந்திருப்பவன் பத்திரிகைக்காரன், அதிலும் நெல் விளையும் நாட்டிலிருந்து வந்தவன் என்று அறிந்ததும் தமது காணியைக் காட்ட அழைத்தார். "மாமா, அவருடைய காணியைப் பார்ப்பதென்றால் சப்பாத்து நனைய வேண்டும்" என்று மருமகன் எச்சரித்தார். முழங்கால் வரை நனைந்தது.

நான் துப்பாக்கி பிடித்தவனல்லன். பிறப்பால் மட்டுமன்றி விருப்பாலும் சைவ உணவுக்காரன். பறவைகளைச் சுடுவதற்காக நிலம் தேடுபவரைப் பற்றி நான் எழுதுவது சில வாசகர்களுக்கு ஒவ்வாது என்பதையும் அறிவேன். எனினும், ஒரு பறவையின் இரைப்பையையும் ஒரு நிலத்தின் சரிவையும் அந்த முதியவர் அளவுக்கு ஒருங்கே அறிந்து வைத்திருந்த இன்னொருவரை என் நாற்பதாண்டு பத்திரிகை வாழ்வில் நான் சந்தித்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஸ்ருட்கார்ட் ஜேர்மானியக் குடியேறிகள் உண்டாக்கிய ஊர். சுற்றிலும் பெரும் புல்வெளி. மேல்மண்ணுக்குக் கீழே கடினமான களிப்படுக்கை இருப்பதால் பெய்த மழை கீழிறங்காமல் தேங்கி நிற்கும். வேறு பயிருக்கு உதவாத அந்தக் குறைபாடே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெல்லைக் கொண்டுவந்தது. கனடாவின் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு அஞ்சி மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு வழியே தெற்கு நோக்கி வரும் வாத்துகளுக்கு அந்த வயல்களின் சிந்துமணி விருந்தாயிற்று. 1936ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் வாத்தின் குரலை ஊதுகுழலால் எழுப்பும் உலகப் போட்டி ஒன்று நடந்து வருகிறது. நம்மூரில் கோயில் திருவிழாவுக்கு வருவதுபோல் அதற்கு வெளியூர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள்.

நிலத்தைத் தெரிவு செய்வதில் முதியவர் கூறிய முதல் விதி எளியது: வாத்து ஏற்கெனவே போய்வரும் பாதையில் வாங்கு, உன் பணத்தைக் கண்டு அது பாதையை மாற்றிக்கொள்ளாது. அவருடைய காணியிலிருந்து வாத்து பறக்கும் தொலைவில் வைற் ரிவர் தேசிய வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. 1935இல் நிறுவப்பட்டது, இப்போது டேல் பம்பர்ஸ் என்னும் அரசியல்வாதியின் பெயரையும் தாங்கி நிற்பது. வாத்துகள் புகலிடத்தில் ஓய்வெடுத்து, இரைதேடி அயல் வயல்களுக்குப் பறந்து வரும். அடுத்து மண். கையில் எடுத்து உருட்டினால் திரண்டு நிற்கும் களிமண்ணாக இருக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் எத்தனை பம்பி வைத்து இறைத்தாலும் காசுதான் இறைபடும். மூன்றாவது, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது. அப்பகுதியில் நூறாண்டுக்கு மேலாக நெல்லுக்கென்று நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நீர்மட்டம் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கிணற்றை மட்டும் நம்பி வாங்குபவன் பேரப்பிள்ளையின் சொத்தைச் செலவழிப்பவன் என்றார். அவரோ காணியின் ஒரு மூலையில் கட்டுக் கட்டி, வயலிலிருந்து வடியும் நீரையும் மழைநீரையும் சேர்த்து வைத்திருந்தார். அதைக் கண்டதும், இது எங்கள் வன்னிக் குளம் அல்லவா என்றேன். துருசும் வானும் எப்படி இயங்குகின்றன என்று அவர் என்னைத் துருவித் துருவிக் கேட்டதில் அரைமணி நேரம் கழிந்தது. செய்தியாளனிடமே செய்தி சேகரித்த மனிதர்.

வாங்கிய நிலத்தைச் செம்மை செய்வது வேறொரு கலை. மலார்ட் எனப்படும் பச்சைத்தலை வாத்து மூழ்கி இரை தேடும் இனமன்று. தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில்தான் மேயும். ஆகவே 6 முதல் 10 அங்குல நீரே அதற்கு உகந்தது. ஒன்றரை அடிக்கு மேல் போனால் அடியில் கிடக்கும் விதை இருந்தும் இல்லாததுதான். குளம்போல் ததும்ப நீர் நிறைத்துவிட்டு, வாத்து வரவில்லையே என்று வானத்தைப் பார்த்திருக்கும் புதுப்பணக்காரர்களை அவர் பல தடவை கண்டிருக்கிறார். நிலத்தின் சமவுயரக் கோட்டை ஒட்டித் தாழ்ந்த வரம்புகள் அமைத்து, ஒவ்வொரு பாத்தியிலும் இரும்புப் பெட்டி ஒன்றைப் பதித்து, அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருந்தார். ஒரு பலகையை உருவினால் ஒரு பலகை உயர நீர் இறங்கும். காணி முழுவதும் அந்தப் பலகைகளின் கணக்கில்தான் நடக்கிறது.

அந்தக் கணக்கின் நுட்பம் நீரை நிறைக்கும் மாரிகாலத்தில் இல்லை, இறக்கும் இளவேனிலில் இருக்கிறது. வசந்தத்தில் சில வாரங்களுக்கு மெல்ல மெல்ல நீரை வடித்தால், வெளிப்படும் ஈரச் சேற்றில், எவரும் விதைக்காமல், குதிரைவாலி இனத்துக் களைப்புல்லும் கோரையும் பிறவும் முளைத்துச் செழிக்கும். நெல் விவசாயி பிடுங்கி எறியும் இந்தக் களைகளின் விதைகளே வாத்துக்கு மிகச் சிறந்த உணவு. அறுவடையில் சிந்திய நெல், வாத்துகள் வந்து சேருமுன்பே பெரும்பகுதி முளைத்தும் அழுகியும் எலியும் குருவியும் தின்றும் தீர்ந்துவிடுகிறது. சோயா அவரை நீருக்குள் சில வாரங்களில் கெட்டுவிடும். களைவிதையோ பல மாதங்கள் கெடாமல் கிடக்கும். தவிர, மட்கும் களைத்தண்டுகளில் பெருகும் புழுபூச்சிகள், முட்டையிடப் போகும் பேடுகளுக்கு வேண்டிய புரதத்தைத் தருகின்றன. மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் தட்டுக் கலப்பையால் மண்ணைப் புரட்ட வேண்டும், இல்லையேல் வில்லோச் செடிகள் மண்டிக் காடாகிவிடும். களையைப் பயிராக்கவும் இத்தனை உழைப்பா என்று வியந்தேன். களையைப் போல முதலாளியிடம் வேலை வாங்கும் பயிர் வேறில்லை என்றார்.

இதில் சட்டமும் இருக்கிறது. தானாக முளைத்த களையை வெட்டிச் சாய்த்து நீர் கட்டி வேட்டையாடலாம். விதைத்த தானியத்தை அறுக்காமல் அப்படியே நிற்கவிட்டு நீர் கட்டினாலும் குற்றமில்லை. ஆனால் அந்தத் தானியக் கதிரை வெட்டி நீரில் சாய்த்துவிட்டுச் சுட்டால் அது இரை தூவிப் பிடித்ததாகக் கணக்கிடப்படும். இரையை முழுவதும் அகற்றிய பின்னரும் 10 நாள்களுக்கு அங்கே சுடலாகாது. இரை தூவுவதும், உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றவற்றை அழைப்பதும் 1935இல் தடை செய்யப்பட்டன.

அந்தக் காலத்தை நினைக்கையில் எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரைச் சொல்லாமல் கடக்க முடியாது. அயோவா மாநிலத்தின் 'டெ மொயின் ரெஜிஸ்ரர்' பத்திரிகையில் கருத்துப்படம் வரைந்தவர் ஜே நோர்வூட் டார்லிங். 1924, 1943 ஆகிய ஆண்டுகளில் புலிற்சர் பரிசு பெற்றவர். ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றைத் தமது படங்களில் ஓயாது சாடியவர். வரட்சியும் சதுப்பு நிலங்களின் அழிவும் வாத்தினத்தைக் குலைத்துக்கொண்டிருந்த 1934இல், அதே ரூஸ்வெல்ற் அவரை அழைத்து வனவிலங்குகளுக்குப் பொறுப்பான அரச பணியகத்தின் தலைவராக்கினார். அவ்வாண்டு சட்டமாகிய வாத்து முத்திரையின் முதற் படத்தை வரைந்தவரும் டார்லிங்கே. நீரில் இறங்கும் இரண்டு மலார்ட் வாத்துகள், விலை 1 டொலர். 2015 முதல் அது 25 டொலர். 16 வயதைக் கடந்த எந்த வாத்து வேட்டைக்காரரும் அதை வாங்காமல் துப்பாக்கி தூக்க முடியாது. டொலருக்கு 98 சதம் நிலம் வாங்கவும் காக்கவும் செல்கிறது. இவ்வாறு காக்கப்பட்டது 60 இலட்சம் ஏக்கருக்கும் மேல். நான் பணியாற்றிய இடங்களில் கருத்துப்படக்காரருக்கு அரசாங்கம் அனுப்பியவை வேறு விதமான அழைப்புகள்.

முதியவரின் 320 ஏக்கரில் நடுவே கிடந்த 30 ஏக்கரில் எவரும் கால்வைப்பதில்லை. மிக நல்ல பாத்தியும் அதுதான். அங்கே துப்பாக்கி ஓசை எழுந்து பல ஆண்டுகள் ஆயின என்றார். அமைதியான இடம் ஒன்று இருப்பதை வாத்துகள் அறிந்துகொண்டால் முழுக் காணியையும் விட்டுப் போகமாட்டா. வேலிக்கு இப்பால் நின்று பார்த்தபோது ஆயிரக்கணக்கில் மிதந்தன. 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் நிலமாகவும் அறிவிக்கப்பட்ட எங்கள் மன்னார் வங்காலையில், மாரிகாலத்து ஊசிவால் வாத்துகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இரைச்சல் பழக்கமானது.

இவை யாவும் வயற்பாத்திகளின் கதை. கடைசியாக அவர் அழைத்துச் சென்ற இடத்தில்தான் அவருடைய பேச்சுக் குறைந்தது. 90 ஏக்கர் ஓக் மரக்காடு, அடிமரம் முழங்காலளவு நீரில் நின்றது. இலையுதிர்ந்த மரங்களிடையே நீர் தேங்க, கிளைகளுக்குள்ளால் வாத்துகள் சுழன்று இறங்கும் அழகுக்காகவே உலகெங்குமிருந்து வேட்டைக்காரர் ஆர்கன்சோவுக்கு வருகிறார்கள். 1930கள் முதல் அங்கே இப்படிக் காட்டைச் சுற்றி வரம்பு கட்டி நீர் தேக்கி வருகிறார்கள். மரம் உறங்கும் குளிர்காலத்தில் மட்டும் நீர் நின்றால் கேடில்லை என்பது அந்நாளைய நம்பிக்கை. ஆனால் வேட்டைப் பருவம் நொவம்பர் நடுவில் தொடங்குவதால், இலை உதிருமுன்பே பலகைகளைச் செருகிவிடுவார்கள். மார்ச்சில் துளிர் விடும்போதும் நீர் முழுதும் வடிந்திராது. ஆண்டுதோறும் அதே நாளில், அதே உயரத்தில், தொண்ணூறு ஆண்டுகள்.

முதியவர் மரமொன்றின் அடியைக் காட்டினார். யானைக்காலைப் போல வீங்கியிருந்தது. உச்சிக் கிளைகள் பட்டுப்போயிருந்தன. வாத்து விழுங்கக்கூடிய சிறு கொட்டை காய்ப்பவை நட்டல் ஓக், வில்லோ ஓக் போன்றவை. அவையே முதலில் சாகின்றன. அவற்றின் இடத்தைப் பிடிக்கும் ஓவர்கப் ஓக் மரம் வெள்ளத்தைத் தாங்கும். ஆயின் அதன் கொட்டை வாத்தின் தொண்டைக்குள் இறங்காத பெருங்கொட்டை. வாத்துக்காகத் தேக்கிய நீரே வாத்தின் உணவை இல்லாமற் செய்துகொண்டிருந்தது. மாநில அரசின் பேயூ மீற்றோ காட்டிலும் இதே சாவு நிகழ்ந்ததைக் கண்ட அதிகாரிகள், நீரைத் தாமதித்துக் கட்டவும், உயரத்தைக் குறைக்கவும், சில இடங்களைச் சில ஆண்டுகள் காயவிடவும் முனைந்தபோது வேட்டைக்காரர் பலர் கொதித்தெழுந்தனர்.

முதியவருக்கும் அதே சிக்கல். காட்டைப் பருவத்துக்குக் குத்தகைக்கு எடுத்திருந்த எண்மர் கொடுக்கும் பணம், நெல் விலை சரிந்த ஆண்டுகளில் வங்கிக் கடனை அடைத்த பணம். அவர்கள் முதல் நாளிலேயே காட்டில் நீர் வேண்டுமென்பவர்கள். மகன் அவர்கள் பக்கம். மரமெல்லாம் நாளைக்கே விழுந்துவிடப் போவதில்லையே என்பது அவரது வாதம், அதுவும் உண்மைதான். புதிதாக முளைக்கும் ஓக் கொட்டை தர இருபது ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதும் உண்மைதான். திரும்பி வரும் வழியில் முதியவர் அதைப்பற்றிப் பேசவில்லை. என் நாட்டில் குளத்து நீரை எப்போது திறப்பது என்று யார் முடிவு செய்வார்கள் என்று மட்டும் கேட்டார். கமக்காரர் கூடிப் பேசி முடிவு செய்யும் பருவகாலக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மரங்களுக்காகப் பேச அங்கே யாராவது வருவார்களா என்றார். குளக்கட்டு மருதமரங்களுக்காக எழுந்து பேசியவர் எவரையும் நான் அத்தகைய கூட்டங்களில் கண்டதில்லை. அதையே சொன்னேன்.

2021 நொவம்பரில் மருமகனிடமிருந்து தகவல் வந்தது. முந்திய ஆண்டே முதியவர் காட்டுப் பெட்டிகளின் பலகைகள் அனைத்தையும் உருவித் தானியக் கொட்டிலில் அடுக்கிவிட்டாராம். மூன்று ஆண்டுகளுக்குக் காட்டில் நீர் இல்லை என்று குத்தகைக்காரருக்குக் கடிதம் போட்டாராம். எண்மரில் அறுவர் விலகிவிட்டனர். மகனோடு சில மாதங்கள் பேச்சுவார்த்தை இருக்கவில்லை. கடனுக்காக வீதியோரத்து 40 ஏக்கர் வயலை விற்றிருக்கிறார்.

தகவலோடு ஒரு படமும் வந்தது. உலர்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் நட்டல் ஓக் கன்று ஒன்று. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் தமது தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்.