விதி சுருங்கக் கதை விரியும்

கதை கூறுபவர் ஒருவர், கேட்பவர் பலர். இதுவே நாம் பழகிய மரபு. கேட்பவரெல்லாம் கூறுபவராகி, கூறுபவரெல்லாம் கதைமாந்தராகும் விளையாட்டு ஒன்று மேலைநாட்டில் தோன்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, வாய்மொழியாலேயே ஒரு கதையை வளர்ப்பர். இலக்கணம் பயிற்றும் நமக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். விதிக்கும் படைப்புக்கும் உள்ள உறவை ஆராய்வதே நம் தொழிலாதலின், வேலை உண்டென்றே கருதுகிறோம்.

இதன் வேர் போர்ப்பயிற்சியில் உள்ளது. பிரஷ்ய நாட்டுப் படை அலுவலர் ரைஸ்விட்ஸ் என்பார் 1824-இல் வரைபடமும் பகடையும் கொண்ட போர் விளையாட்டை விதிகளோடு வகுத்தளித்தார். விதிகள் பெருகி ஆட்டம் ஊர்ந்தது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்றார். பின்னர் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். காலப்போக்கில் அதுவும் தடித்த நூல்களாய்ப் பெருகிற்று. விதி பெருகுவதும், அதன் சுமை தாங்காது ஒருவர் அதனைச் சுருக்குவதும் இத்துறையில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்து வந்துள்ளன.

சுருக்கியோரின் திறம் வியப்புக்குரியது. ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009-இல் படைத்த 'ஃபியாஸ்கோ'வில் நடுவரே இல்லை; அனைவரும் சேர்ந்தே கதை நடத்துவர். ஜான் ஹார்ப்பர் 2013-இல் அளித்த 'லேசர்ஸ் அண்டு ஃபீலிங்ஸ்' ஒரே தாளில் அடங்கும். அதில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு முதல் ஐந்துக்குள் ஓர் எண் மட்டுமே உண்டு. அவ்வெண் உயர்ந்தால் அறிவுத்திறன் மிகும். தாழ்ந்தால் உணர்வுத்திறன் மிகும். ஒன்றைப் பெறுவோர் மற்றொன்றை இழப்பர்.

அமெரிக்காவில் பணிபுரியும் நம் தங்கை மகன் விடுமுறையில் வந்தபோது, ஆவரி ஆல்டர் 2013-இல் வெளியிட்ட 'தி கொயட் இயர்' என்னும் ஆட்டத்தை நம் இல்லத்தில் கற்பித்தான். போர் முடிந்த ஒரு சிற்றூர். அதற்கு ஓராண்டு அமைதி. அவ்வோராண்டின் ஐம்பத்திரண்டு வாரங்களுக்கும் ஐம்பத்திரண்டு சீட்டுகள். ஆடுவோர் ஊரின் வரைபடத்தைத் தம் கையாலேயே வரைந்து செல்வர். சீட்டுக்கட்டும் பகடையும் நம் போன்றோர் இல்லங்களில் மதிப்புப் பெறாதவை. எனவே ஐம்பத்திரண்டு தாள்துண்டுகளில் எழுதிப் பிஸ்கட் டப்பாவில் இட்டோம். பகடைக்கு மாற்றாகத் தாளில் கோடுகள் கிழித்தோம். ஆட்டத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை.

அதில் ஒரு விதி நம்மைப் பெரிதும் ஈர்த்தது. ஒரு முடிவில் தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்று கருதுபவர், ஒரு சொல்லும் சொல்லாமல் வில்லை ஒன்றை எடுத்துத் தம்முன் வைத்துக்கொள்ளலாம். நாம் புளியங்கொட்டைகளை வைத்தோம். நம் தம்பி மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. பெரியவர்கள் கூடிய இடத்தில் வாய் திறவாதவள். வசந்தம் முடியுமுன் அவள்முன் மூன்று புளியங்கொட்டைகள் சேர்ந்துவிட்டன. மூன்றும், ஊற்றைத் திருப்பி வயலுக்குக் கொணரக் காக்கா எடுத்த திட்டத்தின் விளைவு.

கோடையில் அவள் முறை வந்தது. அவள் ஊர்க்கூட்டம் கூட்டினாள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரே முறை, ஓரிரு வாக்கியம் மட்டுமே பேசலாம், மறுத்துரைக்க இடமில்லை, முடிவும் எடுக்கப்படாது. "ஊற்றங்கரையில் இருப்பவர்களை யாராவது கேட்டோமா?" என்றாள். வழக்கமாக இடைமறிக்கும் காக்கா விதிக்குக் கட்டுப்பட்டு மௌனம் காத்தார். தம் அடுத்த முறையில் கரைவாழ் மக்களுக்கென ஒரு கிணறு தோண்டத் தொடங்கினார். அவள் ஒரு புளியங்கொட்டையைத் திருப்பி வைத்தாள். இரண்டு, ஆட்டம் முடியும்வரை அவள்முன்னேயே இருந்தன.

சில வாரங்கள் கழித்து அவளுடைய கல்லூரிச் சேர்க்கை குறித்து வீட்டில் பேச்செழுந்தது. "முதலில் நீ சொல்லும்மா, உன் விருப்பம் என்ன?" என்றார் காக்கா. அவள் கூறிய பாடம் எவரும் எதிர்பாராதது, அதிலேயே சேர்ந்தாள். விளையாட்டினால்தான் இது நிகழ்ந்ததென்று நாம் சாதிக்க மாட்டோம். ஆயினும் கேட்கும் பழக்கம் எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கத்தானே வேண்டும்?

விதி குறைவது பொறுப்பைக் குறைப்பதன்று. இத்தகைய ஆட்டங்களில் பலர் 'எக்ஸ்' என்று எழுதிய அட்டையை நடுவில் வைப்பர். கதை ஒருவருக்குத் தாங்கொணாத் திசையில் சென்றால் அவர் அதனைத் தொட்டால் போதும். காரணம் கேளாமல் அப்பகுதி நீக்கப்படும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வகுத்த இம்முறை, நம் முன்னோர் அவையடக்கம் என்றும் நாகரிகம் என்றும் போற்றிய பண்போடு ஒத்துப்போவது.

வெண்பாவின் கட்டு இறுக்கமானது. ஆசிரியப்பாவின் கட்டு நெகிழ்வானது. இரண்டிலும் நல்ல பாட்டு உண்டு. ஆகவே விதி எத்தனை என்பதைவிட, எஞ்சிய விதி யாருக்குத் துணை நிற்கிறது என்பதே வினா. உரத்த குரலுக்கு விதியின் துணை தேவையில்லை. மெல்லிய குரலுக்கு இடம் ஒதுக்கும் ஒரு விதி, நூறு விதிகள் நீங்கிய பின்னும் நிலைத்திருக்கத் தக்கது. வகுப்பறைக்கும் இல்லத்துக்கும் இது பொருந்தும்.