நடுப்பெட்டி

பெரும்பாக்கம் எழில் நகரில் ஹோம் தியேட்டர் சத்தம் கேட்காத மாடி கிடையாது. புதுப்பெட்டி வாங்குகிறவர்கள் குறைவு. ரிச்சி தெருவில் பழைய செட் பார்த்து பேரம் பேசி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம். நான் சினிமா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இங்கே பலருக்கும் தெரியும். மாட்டிய மறுநாள் தேடி வந்துவிடுவார்கள். புகாரும் அநேகமாக ஒன்றுதான்: “தாத்தா, பாட்டு கும்முனு வருது. பேச்சு மட்டும் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு.”

போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. கம்ப்யூட்டரில் 5.1 என்று தேர்வு செய்திருப்பார்கள். மாட்டியிருப்பதோ முன்னால் இரண்டு பெட்டி. ஐந்து பெட்டியும் ஒரு வூஃபரும் இருப்பதாக நம்பி, கம்ப்யூட்டர் வசனத்தையெல்லாம் நடுப்பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் பெட்டியே இல்லை. மழை பெய்யும், கார் போகும், பின்னணி இசை முழங்கும், கதாநாயகன் வாயை மட்டும் அசைப்பார். சவுண்ட் செட்டிங்கில் ‘ஸ்டீரியோ’ என்று மாற்றிவிட்டால் வசனம் இரண்டு பெட்டிக்கும் பங்காகி வந்துவிடும். கம்ப்யூட்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டியதுதான். ஆனால் செட்டிங்கில் 5.1 என்று எழுதியிருப்பதைக் குறைத்துக்கொள்ள இளைஞர்களுக்கு மனம் வருவதில்லை. பேச்சு போனாலும் பரவாயில்லை, எண் பெரிதாக இருக்க வேண்டும்!

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரும்பாலான படங்களுக்கு ஒற்றை ஒலிதான். திரைக்குப் பின்னால், நடுவில் ஸ்பீக்கர். திரை முழுவதும் பொடித் துளைகள் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். குரல் அந்தத் துளைகள் வழியாக வெளியே வருவதால்தான் நடிகரின் வாயிலிருந்தே வருவதாகத் தோன்றும். 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தது. அடுத்த ஆண்டு ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ்.ஸில் வந்தது. டி.டி.எஸ். படத்துக்கு ஒலி சி.டி.யில் தனியாக வரும். ஃபிலிம் ஓரத்தில் அச்சான நேரக்குறியைப் பார்த்து சி.டி. கூடவே ஓடும், சி.டி. மக்கர் செய்தால் ஃபிலிமிலேயே இருக்கும் பழைய ஒலித்தடத்துக்கு மாறிக்கொள்ளும். தியேட்டர் முதலாளிகள் பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் வரிசையாகப் பெட்டிகளை அறைந்தார்கள். ரசிகர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் வசனம் மட்டும் இடம் மாறவில்லை. ‘மகாநதி’க்கும் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்கும் ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கிய எச். ஸ்ரீதர் 2008இல் மறைந்தார். அவரைப் போன்றவர்கள் எந்தச் சத்தம் எங்கிருந்து வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்தார்கள். அதை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வயரை விட்டுவிடுகிறோம்.

அந்த வயர் ஆரஞ்சு. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பச்சைத் துளை முன்பக்கப் பெட்டி இரண்டுக்கு, கறுப்பு பின்பக்கம் இரண்டுக்கு, ஆரஞ்சு நடுப்பெட்டிக்கும் வூஃபருக்கும் சேர்த்து. சாம்பல் நிறம் 7.1 வைத்திருப்பவர்களின் பக்கவாட்டுப் பெட்டிகளுக்கு. இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. நிறத்துக்கு நிறம் செருகினால் வேலை முடிந்தது. மூன்றே துளை உள்ள போர்டானால் பயப்பட வேண்டாம். சவுண்ட் மென்பொருளில் 5.1 என்று சொன்னதும் நீலம் பின்பெட்டிகளுக்கும் இளஞ்சிவப்பு நடுப்பெட்டி, வூஃபருக்கும் மாறிக்கொள்ளும். சில செட்டுகளில் ஆரஞ்சு வயருக்குள் இரண்டும் இடம் மாறியிருக்கும்: வூஃபர் பேசும், நடுப்பெட்டி உறுமும். அதைத் திருப்பிப் போடவும் அந்த மென்பொருளிலேயே வசதி உண்டு.

லேப்டாப்தான் சங்கடம். 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் இங்கே பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஹெட்போன் துளை வழியாக இரண்டு தடம்தான் வெளியே வரும். 5.1 கேட்க வேண்டுமானால் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்க வேண்டும். கடையில் விரல் நீளத்துக்கு ஒன்றைக் கொடுப்பார்கள், மேலே 7.1 என்று அச்சடித்திருக்கும். திருப்பிப் பாருங்கள்: மைக்குக்கு ஒரு துளை, ஹெட்போனுக்கு ஒரு துளை. ஏழு பெட்டிக்கான ஒலி ஒரு ஹெட்போன் துளையில் எப்படி வரும்? இரண்டு காதுக்குள் ஏழு பெட்டி இருப்பதுபோல் பாவனை காட்டும் சாமான் அது. அட்டையில் உள்ள எண்ணை விட்டுவிட்டுத் துளைகளை எண்ணுங்கள்.

எல்லாம் சரியாக மாட்டிய பிறகும் ஒரு புகார் வரும்: “பின்பெட்டி ரெண்டும் வேலை செய்யலை.” யூடியூபில் பாட்டுப் போட்டிருப்பார்கள். அந்தப் பாட்டில் இரண்டு தடம்தான் இருக்கும். பின்பெட்டிக்கு அதில் வேலையில்லை. வேலை வரும்போது பேசும். இதற்காக ஐந்து பெட்டியிலும் ஒரே ஒலியைப் பரப்பிவிடும் பொத்தானை அழுத்தி, வாங்கிய காசுக்கு எல்லாம் கத்துகிறது என்று திருப்திப்படுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வைக்கும் இடமும் முக்கியம். நடுப்பெட்டி திரைக்கு நேர் கீழே, உட்கார்ந்தால் காது மட்டத்தை ஒட்டி. முன்பெட்டிகள் இரண்டு பக்கமும் 30 டிகிரி தள்ளி. பின்பெட்டிகள் சுமார் 110 டிகிரியில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். வூஃபரின் தாழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அதனால் அதை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். இங்கே வருமுன் கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தபோது நம் வீட்டுக்கு இடமும் வலமும்தான் அண்டைவீடு. இந்த எட்டடுக்கில் மேலேயும் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். தாழ்ந்த ஒலி சுவரையும் தளத்தையும் தாண்டிப் போகும். கீழ்வீட்டுக்குப் படம் தெரியாது, வசனம் கேட்காது. இடி மட்டும் இறங்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. விதி இல்லாவிட்டாலும் கீழே கைக்குழந்தை தூங்குவது நமக்குத் தெரியாதா?

வயதானவர்கள் உள்ள வீட்டில் சண்டை வேறு விதம். “சத்தமா வை” என்று தாத்தா சொல்வார். வைத்தால், “ஏன் இப்படி அலறுது, குறை” என்பார். பிள்ளைகள் இதைப் பெரியவரின் முரண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். முரண்டு இல்லை. வயதானால் முதலில் மங்குவது உச்ச ஒலிகள்தான். ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய ஓசைகள் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அவை போனால் குரல் காதில் விழும், சொல் புரியாது. மொத்தச் சத்தத்தையும் கூட்டினால் மேளமும் வெடியும் சேர்ந்து ஏறி, பேச்சை மறுபடி அமுக்கிவிடும். செட்டிங்கில் ‘லெவல்ஸ்’ பகுதிக்குள் ‘பேலன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அளவு அங்கே உண்டு. நடுப்பெட்டியை மட்டும் கொஞ்சம் ஏற்றி, வூஃபரைக் கொஞ்சம் இறக்குங்கள். மொத்தச் சத்தம் முன்பைவிடக் குறைவாகவே இருக்கும், பெரியவருக்குக் கதை புரியும்.

எங்கள் தளத்தில் இப்படிச் செய்துகொடுத்த வீடுகளில் பெரியவர்கள் இப்போது கூடத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். முன்பு பாதியில் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். செட்டை மாட்டி முடித்ததும் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துவீர்கள். ஒவ்வொரு பெட்டியாக ஒலித்துக் காட்டும். அப்போது நடு நாற்காலியில் நீங்கள் உட்காராதீர்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொல்லும் அளவுக்கு நடுப்பெட்டியை வையுங்கள்.